அவசர கருத்தடை மாத்திரை: அட்டையில் எழுதியிருக்கும் 72 மணி நேரத்தின் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடம் கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன். சானிட்டரி நாப்கினையே நியூஸ்பேப்பரில் சுற்றி, அதையும் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிற ஊர். இந்த மாத்திரையை அங்கே யாரும் வாயால் பெயர் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் போனை நீட்டுவார்கள். திரையில் மாத்திரை அட்டையின் படம் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்த பெண்ணும் அப்படித்தான் நீட்டினாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒன்பது மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தைலம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, இது இருக்கா?"

"எப்ப நடந்துச்சும்மா?"

"சனிக்கிழமை ராத்திரி. பத்து மணி இருக்கும். உறை கிழிஞ்சிடுச்சு."

"நேத்தே வந்திருக்கலாமே?"

"நேத்து ஞாயித்துக்கிழமைக்கா. எங்க ஊர்ல மெடிக்கலும் இல்ல. காலைல ரெண்டு கடையில கேட்டேன். ஒருத்தர் ஸ்டாக் இல்லன்னுட்டார். இன்னொருத்தர் டாக்டர் சீட்டு இருந்தாத்தான்னார். சரி, அதான் 72 மணி நேரம் இருக்கே, நாளைக்குத் தஞ்சாவூர் போயி வாங்கிக்கலாம்னு பார்த்தேன். வர்ற வழியில இங்கயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு..."

அவள் சொன்ன அந்த '72 மணி நேரம் இருக்கே' என்பதை வேறு வேறு வாயில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். போன் ரீசார்ஜுக்கு வேலிடிட்டி போட்டிருப்பார்களே, அப்படி இதைப் படிக்கிறார்கள். கடைசி நாள் ராத்திரி பன்னிரண்டு வரை பேச்சு ஒரே மாதிரி ஓடும், அதற்கப்புறம்தான் கட் ஆகும் என்கிற மாதிரி. இந்த மாத்திரை அப்படி ஓடாது. முதல் நாளே இதன் பலம் குறைய ஆரம்பித்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கடையில் ஐ-பில், அன்வான்டட்-72 என்று எந்தப் பெயரில் வாங்கினாலும், அரசுத் திட்டத்தில் ஈஸி பில் என்று வந்தாலும், மருந்து ஒன்றுதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. இது நம் துணை சுகாதார நிலையத்தில் காலங்காலமாகச் சும்மா கொடுக்கும் மாலா-என் அட்டையிலும் இருக்கிற ஹார்மோன்தான். மாலா-என் வெள்ளை மாத்திரை ஒன்றில் 0.15 மில்லிகிராம். அந்தக் கணக்கில் பத்து நாள் அளவை ஒரே வாயில் போடுவதுதான் அவசர கருத்தடை. மாலா-என்னில் கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் இருக்கும், இதில் இருக்காது. அந்த வித்தியாசம் பக்கவிளைவு பற்றிப் பேசும்போது முக்கியம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல மதகைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. புழுதியில் நேரடி விதைப்பு செய்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அங்கிருந்து நம் வாய்க்கால் மதகு என்றைக்குத் திறக்கும் என்று, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைத்தான் கேட்க வேண்டும். பெண்ணின் உடலுக்குள் விந்தணு அந்த விதை மாதிரி 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவருவதுதான் மதகு திறப்பது. வெளிவந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். ஆக, தண்ணீர் வரும் நாளில் விதை உயிரோடு இருந்தால் மட்டுமே முளைக்கும்.

மாத்திரை செய்கிற வேலை, மதகைச் சில நாள் திறக்கவிடாமல் பிடித்து வைப்பது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் சர்ரென்று ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும். அந்த ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் மாத்திரை உள்ளே போனால் ஏற்றத்தை அமுக்கிவிடும். முட்டை வருவது தள்ளிப்போகும், அதற்குள் விந்தணு செத்துவிடும். ஏற்றம் தொடங்கிவிட்டால் மாத்திரைக்கு அதை நிறுத்தும் சக்தி இல்லை. முட்டையே வெளிவந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் வயலில் ஏறிய பிறகு மதகை அடைத்து என்ன பிரயோஜனம்?

இது வெறும் உவமை இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தென்னமெரிக்காவில் சிலே நாட்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மாத்திரை போட்ட பெண்களுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து, முட்டை வருவதற்கு முன்னால் போட்டவர்கள் யார், வந்த பிறகு போட்டவர்கள் யார் என்று பிரித்தார்கள். முன்னால் போட்ட 103 பேரில் மாத்திரை இல்லாவிட்டால் 16 பேராவது கர்ப்பமாகியிருக்க வேண்டும். ஒருவர்கூட ஆகவில்லை. முட்டை வரும் நாளிலோ அதற்குப் பிறகோ போட்ட 45 பேரில் 8 பேர் கர்ப்பமானார்கள். மாத்திரையே போடாதிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும். ஒரே மாத்திரை ஒரு பக்கம் நூற்றுக்கு நூறு, இன்னொரு பக்கம் பூஜ்யம்.

கருவாகி ஒட்டிக்கொண்ட பிறகு இந்த மாத்திரை அதைக் கலைக்காது என்பதும் இதிலிருந்தே தெரியும். முன்பு அமெரிக்காவில் இதன் அட்டையில், கரு கர்ப்பப்பையில் ஒட்டாமல் தடுக்கவும் கூடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் அதை எடுத்துவிட்டது. ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதற்கு முன்பு யூஸ்பே முறை என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. கனடா நாட்டு மருத்துவர் ஒருவர் 1970-களில் கொண்டுவந்தது, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளைக் கூடுதலாக இரண்டு தவணையில் விழுங்குவது. அதையும் லெவோநார்ஜெஸ்ட்ரலையும் அந்த ஆய்வில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட 976 பேரில் 11 பேர் கர்ப்பமானார்கள். பழைய முறையில் 979 பேரில் 31 பேர். லெவோநார்ஜெஸ்ட்ரல் மொத்தமாக 85 சதவீதம் கர்ப்பத்தைத் தடுத்தது என்று கணக்கு போட்டார்கள். ஆனால் அதை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டால் 95 சதவீதம். 25 முதல் 48 மணிக்குள் என்றால் 85. 49 முதல் 72 என்றால் 58.

கவுன்ட்டரில் நின்ற பெண்ணுக்கு அப்போது 44 மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் தஞ்சாவூர் பஸ் பிடித்துப் போய் வாங்கியிருந்தால் அறுபதைத் தாண்டியிருக்கும். அட்டைக் கணக்குப்படி இரண்டுமே 'உள்ளே'தான். பலன் கணக்கில் அப்படி இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு செங்குத்தான சரிவைக் காட்டவில்லை. மூன்று நாளுக்குப் பிறகும், 5 நாள் வரை, கொஞ்சம் பலன் மிச்சம் இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே 73-ஆவது மணியில் வருபவரை 'போய்ட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. ஆனால் காத்திருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. எல்.எச். எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு சரியாக வருபவர்களுக்கே 14-ஆம் நாள் முட்டை வரும் என்பது ஒரு தோராயம். பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு அந்தத் தோராயமும் கிடையாது. இந்தப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கே திரும்பியிருக்கவில்லை. 'பால் குடுக்கறப்ப கரு நிக்காது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருந்தார்களாம். அதில் பாதி உண்மை. குழந்தைக்கு வயது ஆறு மாதத்துக்குள் இருந்து, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் அது நல்ல பாதுகாப்புதான். ஒன்பது மாதக் குழந்தை இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட ஆரம்பித்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. முதல் மாதவிலக்குக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடலாம்.

95 சதவீதம் என்பதையும் சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மாத்திரை போட்ட நூறு பேரில் ஐந்து பேர் கர்ப்பமாவார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒருமுறை பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் எல்லோருக்குமா நிற்கிறது? அந்த நூறு பேரில் மாத்திரை இல்லாமல் ஏழு எட்டு பேருக்கு நின்றிருக்கும் என்றால், அந்த ஏழு எட்டில் எத்தனை தடுக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. இதனாலேயே மாத்திரை போடாமல் தப்பித்தவர்கள் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று தைரியம் சொல்கிறார்கள், போட்டுத் தப்பித்தவர்கள் எல்லாம் மாத்திரையால் தப்பித்ததாக நினைக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இந்த மணி நேரங்கள் எங்கே கரைகின்றன என்று பார்த்தால், பெரும்பகுதி கவுன்ட்டரிலேயே கரைகிறது. 2005-லிருந்தே இந்த மாத்திரைக்கு இந்தியாவில் டாக்டர் சீட்டு தேவையில்லை. தமிழ்நாட்டில் தடை என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. அப்படி ஓர் ஆணையைக் கண்ணால் பார்த்தவரை நான் சந்தித்ததில்லை. 2020-இல் பொதுமுடக்கத்தின்போது சென்னையில் பெண்கள் சிலர், மாத்திரை ஏன் கடைகளில் இல்லை என்று பகிரங்கமாகவே கேட்டார்கள். தடை எதுவும் இல்லை என்பதுதான் பதில். தடை இல்லாமலே ஒரு மருந்து அலமாரியில் இல்லாமல் போவது எப்படி என்பது எனக்குத் தெரியும், நானே அந்த அலமாரிக்குப் பின்னால் நின்றவள். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் தேடுவது கருக்கலைப்பு மாத்திரையை. அது சீட்டில்லாமல் விற்கக் கூடாதது, சரிதான். ஆனால் 'கரு' என்று அட்டையில் எது இருந்தாலும் வம்பு என்று முதலாளிகள் இதையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு வேறு காரணம். 'இதெல்லாம் வச்சா நம்ம கடை பேரு கெட்டுடும்' என்பார்கள். ஆணுறை டப்பா முன் கண்ணாடியிலேயே இருக்கும், அதில் பெயர் கெடாதாம்.

எங்கள் கடையில் நான் கெஞ்சிக் கேட்டு அடி டிராயரில் நான்கைந்து அட்டை வைத்திருந்தேன். நூறு ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில்தான் விலை.

இன்னொரு குழப்பம், பெயர் சொல்லாமல் கேட்பதால் வருவது. 'அந்த மாத்திரை' என்றால் எந்த மாத்திரை? கோயில் கும்பாபிஷேகம், நாத்தனார் கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். அது நாரெத்திஸ்டிரோன். கடையில் கொடுப்பவர் 'தள்ளிப்போடற மாத்திரைதானே' என்று அதை எடுத்துக் கொடுத்துவிட்டால், வாங்கிப் போனவள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள், மாத்திரை ஒன்றும் செய்யாது. எதிர்ப்பக்கமும் நடக்கும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆன பிறகு வந்து அவசர மாத்திரை கேட்பார்கள். அதற்குள் கர்ப்பம் என்றால் இது கலைக்காது. பப்பாளிக்காய், எள்ளும் கருப்பட்டியும் என்று வீட்டில் முதல் இரண்டு நாளை ஓட்டிவிட்டு மூன்றாவது நாள் மருந்துக்கடைக்கு வருபவர்கள் தனிக் கணக்கு. எள்ளுருண்டை நல்ல தின்பண்டம். அதைத் தாண்டி அதற்கு இதில் வேலை இல்லை.

இப்போது பக்கவிளைவு. கவுன்ட்டரில் நேரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, 'ஏதாவது பண்ணுமாக்கா' என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தப் பயத்தில் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வருபவர்களும் உண்டு, அந்த ஒரு ராத்திரி பன்னிரண்டு மணி நேரம்.

பண்ணும். குமட்டல் வரும். 1998 ஆய்வில் நூற்றுக்கு 23 பேருக்கு வந்தது. பழைய யூஸ்பே முறையில் இது 50 பேர், அங்கே ஈஸ்ட்ரோஜன் இருந்ததுதான் காரணம். வாந்தி எடுத்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. தலைவலி, அசதி, லேசான கிறுகிறுப்பு, மார்பு கனப்பது, அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது, இவையெல்லாம் சிலருக்கு வரும். ஓரிரு நாளில் போய்விடும். மாத்திரை போட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டும், ஏனென்றால் முதல் மாத்திரை உடம்பில் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வாந்தி வந்தால் கவலையில்லை. இதனால்தான் அந்தப் பெண்ணை அங்கேயே நிற்க வைத்து, பக்கத்து டீக்கடையில் இரண்டு பன் வாங்கிச் சாப்பிடச் சொல்லி, மாத்திரையைக் கடையிலேயே போடச் சொன்னேன். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, திருத்துறைப்பூண்டி ரோட்டில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் முக்கால் மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனால் மாத்திரை இல்லாமலே வாந்தி வரும்.

பெண்களை அதிகம் கலங்க வைப்பது மாதவிலக்கு முன்பின் ஆவது. பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான நாளை ஒட்டி, ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ வந்துவிடும். இடையில் சிலருக்குத் துளித்துளியாகப் படும். இங்கே இரண்டு வகைத் தப்பு நடக்கிறது. மாத்திரை போட்டதும் ரத்தம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள், வரவில்லை என்றதும் வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி வாங்கிப் போடுகிறார்கள். இது கலைக்கும் மாத்திரை இல்லை, உடனே ரத்தம் வர வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது தப்பு அதைவிட மோசம். ஐந்தாம் நாள் கொஞ்சம் கறை பட்டதும், 'வந்துடுச்சு' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அது மாதவிலக்காக இல்லாமல், மாத்திரையால் வந்த கசிவாகவும் இருக்கலாம். கர்ப்பம் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கறை சொல்லாது.

மற்ற பயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதனால் பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகாது. கர்ப்பப்பை கெட்டுப்போகாது. மாத்திரையையும் மீறிக் கர்ப்பம் தரித்து, அந்தக் குழந்தையைப் பெற்றுக்கொண்டால் குழந்தைக்கு இதனால் ஊனம் வராது. தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களும் போடலாம். அடிக்கடி போட்டால்? விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் மாதவிலக்கு தாறுமாறாகும். மாதா மாதம் இதையே நம்பியிருந்தால் தினமும் போடும் மாத்திரை தரும் அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. கடையில் வாடிக்கையாக வரும் ஒரு கணவர் மாதம் இரண்டு அட்டை வாங்குவார். ஒருநாள் ஆணுறை டப்பாவையும் சேர்த்து வைத்தேன். அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதிலேயே இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. மாத்திரை மதகைத் தள்ளிப்போட்டதே தவிர மூடிப் பூட்டவில்லை. நான்கைந்து நாள் கழித்து முட்டை வரும். மாத்திரை போட்ட தைரியத்தில் அந்த வாரமே மறுபடி பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் அது புது விதைப்பு, இந்த முறை தண்ணீர் நிச்சயம் வரும். மாத்திரை தோற்றுப்போனதாகச் சொல்லப்படும் கேஸ்களில் கணிசமானவை இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுமானம்.

மாத்திரை நிஜமாகவே பலன் குறையும் ஆட்கள் உண்டு. அதைத்தான் கவுன்ட்டரில் நிற்பவர்கள் கேட்பதே இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபெனோபார்பிட்டோன் சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் சாப்பிடுபவர்கள். இந்த மருந்துகள் கல்லீரலைத் தூண்டி லெவோநார்ஜெஸ்ட்ரலைச் சீக்கிரம் கரைத்துத் தள்ளிவிடும். அந்த மருந்தை நிறுத்தி நாலு வாரம் வரைக்கும் இந்தப் பாதிப்பு இருக்கும். இவர்களுக்கு இரண்டு மாத்திரையாக, 3 மில்லிகிராம் போடச் சொல்வார்கள், அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி. உடல் எடை 70 கிலோவைத் தாண்டியவர்களுக்கும் பலன் குறையலாம் என்று சொல்லப்படுகிறது, அவர்களுக்கும் காப்பர்-டி நல்லது. 2023-இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு சுவாரஸ்யமான ஆய்வு வந்தது. மூட்டுவலிக்குக் கொடுக்கும் பிராக்ஸிகாம் 40 மில்லிகிராமை இதோடு சேர்த்துக் கொடுத்த 418 பேரில் ஒருவர் மட்டும் கர்ப்பமானார், பிராக்ஸிகாம் சேர்க்காத 418 பேரில் ஏழு பேர். ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு நாமாக வலி மாத்திரை சேர்த்துப் போட வேண்டாம், டாக்டர் சொன்னால் போடலாம்.

இவ்வளவு பேசினாலும் அவசர கருத்தடையில் முதல் இடம் மாத்திரைக்கு இல்லை. காப்பர்-டிக்குத்தான். 5 நாளுக்குள் போட்டுக்கொண்டால் போதும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கைத் தொகுத்துப் பார்த்ததில் கர்ப்பமானவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மதகு திறந்ததா இல்லையா என்ற கேள்வியே இதற்கு இல்லை, செம்பு விந்தணுவையே முடக்கிவிடும். எடை, வலிப்பு மாத்திரை எதுவும் இதன் பலனைக் குறைக்காது. அரசு மருத்துவமனையில் இலவசம். 380-ஏ வகை பத்து வருடம் வரை அப்படியே இருக்கும். இருந்தும் நம் பக்கம் காப்பர்-டி என்றால் பிரசவம் ஆன கையோடு போடுவது என்று மட்டும்தான் தெரியும், அவசரத்துக்கும் அதுதான் என்று யாரும் சொல்வதில்லை. 'மேல ஏறிடும்', 'ரத்தம் கொட்டும்' என்ற பேச்சு வேறு. முதல் சில மாதம் மாதவிலக்கு அதிகமாகப் படுவது உண்மை. நெஞ்சுக்கு ஏறுவது உண்மை இல்லை. மாத்திரை கிடைக்க 60 மணி நேரம் ஆகும் என்றால் அதே பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போய் இதைக் கேட்பது புத்திசாலித்தனம்.

எதுவுமே கிடைக்காத ராத்திரிக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மேலே சொன்ன யூஸ்பே முறைதான். மாலா-என் அட்டையில் வெள்ளை மாத்திரை நான்கு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் நான்கு. அட்டையின் கடைசியில் இருக்கும் பழுப்பு மாத்திரை ஏழும் இரும்புச்சத்து, அதைப் போட்டு பலனில்லை. பலன் குறைவு, குமட்டல் அதிகம். ஆனால் கிராமத்தில் நர்சம்மா வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிடைக்கக்கூடியது அதுதான் என்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்போதே போடுவது நல்லது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் என்றால் அவளைக் கடை கடையாக அலையவிட வேண்டியதே இல்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, எதுவாக இருந்தாலும் உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம். அவசர கருத்தடையும் அந்தச் சிகிச்சையில் சேர்த்திதான். போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மாத்திரை போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து, அல்லது மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால், ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நர்சம்மாவிடம் அதற்கான நிஷ்சய் கார்டு சும்மாவே கிடைக்கும். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் பார்த்தால் துல்லியம். ஒரு பக்கமாக அடிவயிற்றில் சுருக்கென்று வலி, தலைசுற்றல், இவற்றோடு நாளும் தள்ளிப்போயிருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். மாத்திரை அதை உண்டாக்குவதில்லை, ஆனால் மாத்திரையையும் மீறித் தங்கிய கர்ப்பம் எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் நானும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பன்னை மென்றுகொண்டே அவள் கேட்டது ஒன்றுதான். "மீறி நின்னுடுச்சுன்னா என்னக்கா பண்றது? அவரு துபாய்க்குக் கிளம்பறாரு, புதன்கிழமை ஃபிளைட்டு. ஆஸ்பத்திரியில புருஷன் கையெழுத்து கேப்பாங்களாமே?"

கேட்பார்கள், கேட்கும் இடம் இன்னமும் இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். கருத்தடை முறை தோற்றுப்போனது என்பதே சட்டம் ஏற்கும் காரணம், அதுவும் கல்யாணமானவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை எல்லாப் பெண்களுக்கும் என்று மாற்றிவிட்டார்கள். 9 வாரம் வரை மாத்திரையிலேயே முடியும், ஆனால் அது வேறு மாத்திரை, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. இதை அவள் கையில் இருந்த கறுப்புக் கவரின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: மூன்று வாரம் கழித்து நிஷ்சய் கார்டு, கையெழுத்து உன்னுடையது மட்டும். தைலத்தையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.